கிளிநொச்சிக் கிணறுகள் தலவாக்கலையில் விழுகின்றன: புள்ளியும் ராஸ்டரும் பொருந்தவில்லை

கனகராயன்கரை எழுதியது:

வணக்கம் எல்லாருக்கும். கொஞ்சம் நீளமாக வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கரைச்சி, கண்டாவளைப் பக்கத்துக் கிணறுகளை வைத்து ஒரு வேலை செய்கிறேன். 2018 டிசெம்பர் வெள்ளத்தில் எந்தக் கிணறுகள் நீருக்குள் போயின, அவை நிற்கும் நிலத்தின் உயரம் என்ன, சுற்றிவர வயலா காடா குடிமனையா என்று ஒவ்வொரு கிணற்றுக்கும் பக்கத்தில் மூன்று நிரல் சேர்க்க வேண்டும், அவ்வளவுதான். கிணறுகள் இரண்டு இடத்திலிருந்து வந்தவை. ஒன்று ஓர் அலுவலகம் தந்த எக்செல் பட்டியல். எக்ஸ், வை என்று இரண்டு நிரல் இருக்கிறது, எக்ஸ் எல்லாம் 459 ஆயிரம் போல, வை எல்லாம் 764 ஆயிரம் போல. எந்த ஆள்கூற்று முறை என்று கேட்டால் "ஜிபிஎஸ்ஸில் எடுத்தது" என்கிறார்கள். மற்றது எங்கள் குழு கைபேசியில் எடுத்தது, பாகையில் இருக்கிறது.

ராஸ்டர், அதாவது சிறு சதுரங்களில் பெறுமதி வைத்த படம், மூன்று. சென்டினல் 1 ராடார் படத்திலிருந்து செய்த வெள்ளப் படம், எஸ்ஆர்டிஎம் உயரப் படம், லாண்ட்சாட்டிலிருந்து செய்த நிலப் பயன்பாட்டுப் படம். முதல் இரண்டும் பாகை, மூன்றாவது யூடிஎம், அதாவது மீற்றரில் எண்ணும் முறை.

பட்டியலை க்யூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளில் போட்டேன், எந்த முறை என்று கேட்டது, மீற்றர்தானே என்று யூடிஎம் 44 வடக்கு கொடுத்தேன். கிணறுகள் அத்தனையும் அட்டனுக்கும் தலவாக்கலைக்கும் நடுவில் கூட்டமாக நிற்கின்றன. ராஸ்டரிலிருந்து பெறுமதி எடுத்தால் எல்லாம் வெற்று. கைபேசிப் புள்ளிகளில் பெரும்பகுதி சரியான இடத்தில் விழுகிறது, ஆனால் சில வட துருவத்துப் பக்கம் போய்விட்டன. எங்கிருந்து தொடங்க?


மாங்குளம்சந்தி எழுதியது:

தேயிலைக்கும் தண்ணீர் வேண்டும்தானே, விட்டுவிடுங்கள்.

பகிடி இருக்கட்டும், வெற்று வந்தது உங்கள் நல்லகாலம். உங்களிடம் வடக்குத் துண்டு மட்டும் இருந்தபடியால்தான் வெற்று. முழு இலங்கைக்கும் உயரப் படம் வைத்திருந்தால் ஒவ்வொரு கிணற்றுக்கும் ஆயிரம் மீற்றருக்கு மேல் உயரம் வந்திருக்கும், நீங்களும் பட்டியலை முடித்துக் கொடுத்திருப்பீர்கள்.


முறிப்புக்குளம் எழுதியது:

தங்கச்சி, எண்ணைப் பார்த்தே சொல்லலாம், அது இலங்கையின் 1999 கிரிட் என்ற ஆள்கூற்று முறை. ஒவ்வொரு முறைக்கும் இபிஎஸ்ஜி என்று ஓர் இலக்கம் உண்டு, க்யூஜிஐஎஸ்ஸில் இபிஎஸ்ஜி 5235 என்று தேடினால் வரும். யூடிஎம்மை எடுத்துவிட்டு அதைக் கொடுத்துப் பாருங்கள், கிணறுகள் ஊருக்கு வந்துவிடும்.

ஏன் தலவாக்கலை என்று கேட்பீர்கள், அதையும் சொல்லிவிடுகிறேன், இது விளங்கினால் இனி யாரிடமும் கேட்கத் தேவையில்லை. யூடிஎம் 44இல் கிழக்கு எண் 81 பாகை நெட்டாங்கில் 500,000 என்று வைத்து எண்ணப்படுகிறது, வடக்கு எண் மத்திய கோட்டில் (பூமத்திய ரேகையில்) பூச்சியம். இலங்கைக் கிரிட்டின் தொடக்கப் புள்ளி பீதுருதாலகால மலைப் பக்கம், 7 பாகை அகலாங்கும் 80.77 பாகை நெட்டாங்கும் வெட்டும் இடம். 1999 கிரிட்டில் அந்தப் புள்ளிக்குக் கிழக்கும் 500,000, வடக்கும் 500,000. ஆகவே கிளிநொச்சி அந்த மலையிலிருந்து 264 கிலோமீற்றர் வடக்கே இருப்பதால் 764,000 என்று வருகிறது. அந்த 764,000ஐ மத்திய கோட்டிலிருந்து அளந்த தூரம் என்று கணனி நினைத்தால் 6.9 பாகைக்குத்தான் போகும், அது மலைநாடு. கிழக்கு எண் இரண்டிலும் 500,000இலிருந்து எண்ணப்படுவதால் கடலுக்குள் போகாமல் தரையிலேயே விழுந்திருக்கிறது. அதுதான் இதில் உள்ள ஆபத்தும்.

கிளிநொச்சி நகரத்துச் சுற்றுவட்டாரம் ஒவ்வொரு முறையிலும் எப்படி இருக்கும் என்று ஒரு கடதாசியில் எழுதி மேசையில் ஒட்டி வையுங்கள். பாகையில் என்றால் வடக்கு 9.39, கிழக்கு 80.40 போல. யூடிஎம் 44 என்றால் கிழக்கு 434,000 போல, வடக்கு 1,038,000 போல. 1999 கிரிட் என்றால் 459,000, 764,000. அதற்கு முந்திய கண்டவல கிரிட், இபிஎஸ்ஜி 5234, என்றால் 159,000, 464,000. பழையதில் தொடக்கப் புள்ளிக்கு 200,000 வைத்தார்கள், புதியதில் 500,000 ஆக்கினார்கள், அதனால் இரண்டுக்கும் சரியாக 300 கிலோமீற்றர் வித்தியாசம். புதிய எண்ணுக்குப் பழைய முறையைக் கொடுத்தால் கிணறுகள் வங்காள விரிகுடாவுக்குள் போகும்.

இந்தக் கண்டவல நீர்கொழும்புப் பக்கத்தில் இருக்கிறது. எங்கள் கண்டாவளை இல்லை. உங்கள் வேலையில் இரண்டும் வரும், கோப்புக்குப் பெயர் வைக்கும்போது கவனம்.


நெடுங்கேணிப்பெடியன் எழுதியது:

அண்ணை சொன்ன யூடிஎம் எண்ணில் வன்னிக்காரர் மட்டும் அனுபவிக்கிற ஒரு கரைச்சல் உண்டு. வடக்கு எண் பத்து இலட்சத்தைத் தாண்டுகிற கோடு மாங்குளத்துக்கும் புளியங்குளத்துக்கும் இடையால் போகிறது. அதற்கு மேலே ஏழு இலக்கம், கீழே ஆறு இலக்கம். வவுனியா 967,000 போல வரும், கிளிநொச்சி 1,038,000. ஏழாவது இலக்கம் கூடிப்போய்விட்டது, தட்டச்சுப் பிழை என்று யாரோ திருத்திய பட்டியலை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். முதலில் நின்ற ஒன்றைத் தூக்கிவிட்டார்கள்.

அப்புறம் ஐரோப்பியச் செய்மதிப் படங்களில் எங்கள் துண்டின் பெயர் 44பி என்று தொடங்கும். கணனி நிரல்களில் 44என் என்று எழுதியிருப்பார்கள். பயப்பட வேண்டாம், இரண்டும் ஒரே வலயம். முதலாவதில் கடைசி எழுத்து 8 தொடக்கம் 16 பாகை வரையான பட்டியைக் குறிக்கிறது, இரண்டாவதில் வட அரைக்கோளத்தை.


பாலைமரம் எழுதியது:

நான் இவ்வளவெல்லாம் பார்ப்பதில்லை. வருகிற லேயர் எல்லாவற்றுக்கும் சிஆர்எஸ்ஸை (ஆள்கூற்று முறையை) 4326, அதாவது ஜிபிஎஸ்ஸின் பாகை முறை, என்று மாற்றிவிடுவேன், அப்போது எல்லாம் ஒன்றுதானே, பொருந்திவிடும். கடினமாக்க வேண்டாம்.


முறிப்புக்குளம் எழுதியது:

தம்பி, "மாற்றிவிடுவேன்" என்று நீர் சொல்வது எதை? லேயரின் மேல் வலது கிளிக் செய்து "செட் லேயர் சிஆர்எஸ்" கொடுப்பதை என்றால் நீர் ஒன்றையும் மாற்றவில்லை. முல்லைத்தீவு பஸ்ஸின் முன்பலகையைக் கழற்றி மன்னார்ப் பலகையைப் போட்டால் பஸ் மன்னாருக்குப் போய்விடாது. எண்கள் அப்படியே 459,000, 764,000 என்றுதான் உள்ளே கிடக்கும். அதைப் பாகை என்று சொல்லிவிட்டீர், பூமியில் அப்படி ஒரு பாகையே இல்லை.

இரண்டு வேலை இருக்கிறது, இரண்டும் வேறு. ஒன்று, இந்த எண் எந்த முறையில் எழுதப்பட்டது என்று சொல்வது. அது உண்மையைச் சொல்லும் வேலை, உமக்குப் பிடித்ததைத் தெரிவுசெய்கிற இடம் இல்லை. மற்றது, அந்த எண்ணை இன்னொரு முறைக்குக் கணக்குப் போட்டு மாற்றுவது. அதற்குக் க்யூஜிஐஎஸ்ஸில் "ரீப்ரொஜெக்ட் லேயர்" என்று தனிக் கருவி, அல்லது வேறு சிஆர்எஸ் கொடுத்துப் புதிய கோப்பாகச் சேமிப்பது. முதலாவதைச் சரியாகச் செய்யாமல் இரண்டாவதைச் செய்தால் பிழையை ஒழுங்காகக் கணக்குப் போட்டு இன்னோர் இடத்துக்குக் கொண்டுபோகிறீர்.


பாலைமரம் எழுதியது:

ஆனால் அண்ணை, திரையில் பொருந்தித்தானே காட்டுகிறது? யூடிஎம் படத்தின் மேல் பாகைப் புள்ளியைப் போட்டாலும் சரியான இடத்தில் நிற்கிறதே.


ஒதியமலைவெயில் எழுதியது:

இதற்கு நான் பதில் சொல்கிறேன், கணனி நிரல் எழுதுகிற பக்கம் என்னுடையது.

திரையில் பொருந்துவது க்யூஜிஐஎஸ் உங்களுக்குச் செய்கிற உபகாரம். வலது கீழ்மூலையில் தெரிகிற திட்டத்தின் சிஆர்எஸ்ஸுக்கு ஒவ்வொரு லேயரையும் அந்தக் கணமே மாற்றி வரைந்து காட்டுகிறது. கோப்புக்குள் ஒன்றும் மாறவில்லை. அதே இரண்டு கோப்பையும் ஒரு நிரலுக்குள் கொடுத்தால் அந்த உபகாரம் கிடைக்கும் என்று நிச்சயமில்லை. பைத்தனில் ராஸ்டீரியோவின் சாம்பிள் என்ற வசதிக்கு நீங்கள் கொடுப்பது வெறும் எண் சோடிகள். அந்த எண் பாகையா மீற்றரா என்று அதற்குத் தெரியாது, தெரிய வழியும் இல்லை. 80.4, 9.39 என்று கொடுத்தால் யூடிஎம் படத்தில் 80 மீற்றர் கிழக்கு, 9 மீற்றர் வடக்கு என்று போய்த் தேடும். அந்த இடம் மாலைதீவுக்குக் கிழக்கே நடுக்கடலில், மத்திய கோட்டின் மேல். கிணறுகள் எல்லாம் அங்கே ஒரு மீற்றர் வட்டத்துக்குள் குவிந்து கிடக்கும். படத்துக்கு வெளியே என்பதால் வெற்று அல்லது பூச்சியம் வரும். பூச்சியம் வந்தால்தான் கஷ்டம், பெறுமதி என்று நம்பிவிடுவோம்.

ஜியோபாண்டாஸில் "செட் சிஆர்எஸ்" என்பது பலகை போடுகிற வேலை, "டு சிஆர்எஸ்" என்பது கணக்குப் போட்டு மாற்றுகிற வேலை. ஆர் மொழியில் டெர்ரா பாவிப்பவர்கள் "சிஆர்எஸ்" என்று நேரே ஒதுக்குவது முதலாவது, "ப்ரொஜெக்ட்" என்பது இரண்டாவது. சில பொதிகள் தாமாகவே புள்ளியை ராஸ்டரின் முறைக்கு மாற்றிக்கொள்ளும், சில மாற்றா. எது மாற்றும் எது மாற்றாது என்று மனப்பாடம் செய்வதைவிட, பெறுமதி எடுக்கும் வரிக்கு முந்திய வரியில் இரண்டின் சிஆர்எஸ்ஸையும், இரண்டின் எல்லையையும் அச்சிட்டுப் பார்ப்பேன். எல்லை என்றால் மேற்கு, கிழக்கு, தெற்கு, வடக்கு நான்கு எண். புள்ளிகளின் நான்கு எண்ணும் ராஸ்டரின் நான்கு எண்ணுக்குள் அடங்கவில்லை என்றால் மேலே போகத் தேவையில்லை.


கனகராயன்கரை எழுதியது:

ஐயா, 5235 கொடுத்தேன், கிணறுகள் ஊருக்கு வந்துவிட்டன! செய்மதிப் படத்தைக் கீழே போட்டுப் பார்த்தேன், கூரைகளுக்குப் பக்கத்தில் கிணற்றுக் கட்டுகூடத் தெரிகிறது. மிக்க நன்றி.

ஆனால் பட்டியலின் கடைசிப் பக்கத்தில் கொஞ்சக் கிணறுகள் 159 ஆயிரம், 464 ஆயிரம் என்று இருக்கின்றன, முதலில் கவனிக்கவில்லை, ஐயா சொன்ன பழைய கிரிட்டாக இருக்க வேண்டும். அவற்றுக்கு 300,000 கூட்டிவிட்டால் சரியா?

மற்றது, மூன்று ராஸ்டரையும் ஒரே முறைக்கு மாற்ற வேண்டுமா, கிணறுகளை மாற்ற வேண்டுமா?


முறிப்புக்குளம் எழுதியது:

கூட்ட வேண்டாம். கூட்டினால் கிட்டத்தட்ட வரும், ஆனால் இரண்டு முறைக்கும் டேட்டம் (பூமியின் வடிவத்தையும் மையத்தையும் எப்படி எடுத்துக்கொண்டார்கள் என்பது) வேறு, தொடக்கப் புள்ளியின் பாகையும் நூலளவு வேறு. அந்த வரிகளைத் தனிக் கோப்பாக வெட்டி 5234 என்று சொல்லிவிட்டு ஒழுங்காக மாற்றுங்கள்.

இங்கே ஒரு விசயத்தை விரித்துச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அட்டன் பிழையைவிட இது மோசம். அட்டனில் விழுந்தால் குருடனுக்கும் தெரியும். பழைய கிரிட் எவரெஸ்ட் நீள்வட்டத்தின் மேல் கட்டப்பட்டது, ஜிபிஎஸ் டபிள்யூஜிஎஸ் 84 நீள்வட்டத்தின் மேல் நிற்கிறது. இரண்டு நீள்வட்டத்தின் மையமும் ஒரே இடத்தில் இல்லை, நூற்றுக்கணக்கான மீற்றர் விலகி இருக்கின்றன. எறியத்தை (உருண்டையைத் தட்டையாக விரிக்கிற கணக்கை) மட்டும் சரியாகக் கொடுத்து இந்த டேட்டம் மாற்றத்தைக் கணனி செய்யாமல் விட்டால், வன்னியில் உங்கள் புள்ளி உண்மையான இடத்திலிருந்து இருநூறு மீற்றருக்குச் சற்று மேல், பெரும்பாலும் மேற்கே தள்ளி விழும். தூரத்திலிருந்து படத்தைப் பார்த்தால் எல்லாம் சரி. ஊர் சரி, குளம் சரி, றோட்டும் சரிபோல இருக்கும். ஆனால் வளவுக்குள் இருக்க வேண்டிய கிணறு பக்கத்து வயலுக்குள் நிற்கும், 30 மீற்றர் ராஸ்டரில் ஏழு பிக்சல் தள்ளிய பெறுமதியை வாங்கிக்கொண்டு வரும். பெறுமதி வெற்றாக இராது. ஒரு எண் இருக்கும், அந்த எண்ணும் நம்பும்படியாகவே இருக்கும்.

எப்படிக் கண்டுபிடிப்பது? எல்லாக் கிணறும் ஒரே திசையில் ஒரே தூரம் விலகி நின்றால் அது டேட்டம். ஆளுக்கொரு திசையில் பத்து மீற்றர், பதினைந்து மீற்றர் விலகினால் அது கைபேசியின் பிழை. ஒரு சந்தி, ஒரு பாலம், கோவில் தீர்த்தக் கேணி மாதிரி இடம் பெயராத மூன்று நான்கை எடுத்து ஒப்பிட்டுப் பாருங்கள்.

மாற்றும்போது க்யூஜிஐஎஸ் சில வேளை எந்த உருமாற்றம் என்று ஒரு பட்டியலைக் காட்டும். பழையதற்கு மூன்று எண் மாற்றம் ஒன்று உண்டு: −97, 787, 86. உலகம் முழுக்கப் பாவிப்பது அதுதான், ஆனால் ஒவ்வொரு எண்ணிலும் இருபது மீற்றர் வரை நிச்சயமின்மை சொல்லப்பட்டிருக்கிறது. 1999 முறைக்கு ஏழு எண் மாற்றம், அது திருத்தமானது. ஆகவே பழைய கிரிட்டில் வந்த கிணறுகளை 10 மீற்றர் ராஸ்டரோடு வைத்து "இந்தப் பிக்சல்தான்" என்று அடித்துச் சொல்ல வேண்டாம்.


ஒதியமலைவெயில் எழுதியது:

இரண்டாவது கேள்விக்கு: கிணறுகளை மாற்றுங்கள், ராஸ்டரைத் தொடாதீர்கள்.

புள்ளியை மாற்றும்போது நடப்பது ஓர் எண் சோடி இன்னோர் எண் சோடியாவது, அவ்வளவுதான், ஒன்றும் நட்டமில்லை. ராஸ்டரை மாற்றும்போது பழைய சதுரங்களின் மேல் புதிய சதுரங்களைச் சாய்த்து விரித்து, ஒவ்வொரு புதிய சதுரத்துக்கும் பெறுமதி கண்டுபிடிக்க வேண்டும். அயலிலுள்ள நான்கு பிக்சலைக் கலந்து சராசரி எடுக்கிற முறை உயரப் படத்துக்குப் பரவாயில்லை. நிலப் பயன்பாட்டுக்கு அது நாசம். உங்கள் படத்தில் 1 நீர், 2 காடு, 3 வயல் என்று வைத்துக்கொள்ளுங்கள். குளத்துக்கும் வயலுக்கும் நடுவில் சராசரி எடுத்தால் 2. குளக்கட்டு நெடுகக் காடு முளைத்துவிடும். வகைப் படத்தை மாற்றியே ஆக வேண்டும் என்றால் மிகக் கிட்டிய பிக்சலை அப்படியே எடுக்கும் முறையைத் தெரிவுசெய்யுங்கள்.

மூன்று ராஸ்டரும் மூன்று முறையில் இருந்தாலும் பரவாயில்லை. ஒவ்வொரு கிணற்றுக்கும் ஓர் இலக்கம் கொடுங்கள். கிணறுகளைப் பாகைக்கு மாற்றி வெள்ளமும் உயரமும் எடுங்கள், யூடிஎம்முக்கு மாற்றி நிலப் பயன்பாடு எடுங்கள், பிறகு இலக்கத்தை வைத்து ஒட்டுங்கள். ராஸ்டர்களை ஒன்றோடொன்று கூட்டிக் கழிக்கப் போகிறீர்கள் என்றால்தான் எல்லாவற்றையும் ஒரே வலைக்குள் கொண்டுவர வேண்டும். உங்கள் வேலையில் அது இல்லை.


மாங்குளம்சந்தி எழுதியது:

வட துருவத்துக் கிணறுகளை எல்லாரும் மறந்துவிட்டீர்கள்.

80.4ஐ அகலாங்கு என்றும் 9.39ஐ நெட்டாங்கு என்றும் போட்டால் நோர்வேயின் சுவால்பார்ட் தீவுக்கு வடமேற்கே கடலுக்குள் போகும். அதுதான் உங்களுக்கு நடந்திருக்கிறது. சில செயலிகள் அகலாங்கை முதலில் எழுதும், சில நெட்டாங்கை முதலில் எழுதும், குழுவில் இரண்டு பேர் இரண்டு செயலி பாவித்திருப்பார்கள். எங்கள் பக்கம் அகலாங்கு 8, 9 தான், நெட்டாங்கு 79, 80, 81 தான், ஆகையால் சிறிய எண் எந்த நிரலில் இருந்தாலும் அது அகலாங்கு. எக்செல்லிலேயே ஒரு வரியில் திருத்திவிடலாம். சிங்கப்பூர்க்காரருக்கும் இந்த வசதி உண்டு, எல்லா நாட்டுக்காரருக்கும் கிடையாது.


நெடுங்கேணிப்பெடியன் எழுதியது:

கைபேசிப் புள்ளிகளில் இன்னும் இரண்டைப் பாருங்கள், அவை கண்ணுக்குத் தெரியாது.

ஒன்று, பாகை கலை விகலையில் எடுத்ததைத் தசமம் என்று எழுதுவது. 9 பாகை 23 கலை 45 விகலை என்றால் தசமத்தில் 9.3958. அதை 9.2345 என்று எழுதினால் கிணறு கிட்டத்தட்ட 18 கிலோமீற்றர் தெற்கே போகும். அதுவும் வன்னிக்குள்தான் இருக்கும், கடலுக்குப் போகாது. புள்ளிக்குப் பின்னால் வருகிற முதல் இரண்டு இலக்கம் எந்தக் கிணற்றிலும் 60ஐத் தாண்டவில்லை, அடுத்த இரண்டும் தாண்டவில்லை என்றால் சந்தேகப்படுங்கள்.

மற்றது, எக்செல் இலக்கத்தை வெட்டுவது. ஐந்து தசமம் என்றால் ஏறத்தாழ ஒரு மீற்றர். மூன்று தசமம் என்றால் நூறு மீற்றருக்கு மேல். இரண்டு தசமம் என்றால் ஒரு கிலோமீற்றர். அழகாக இருக்கட்டும் என்று இரண்டு தசமத்துக்கு வெட்டிச் சிஎஸ்வியாகச் சேமித்தால், கிணறுகள் சதுரங்கப் பலகையின் கட்டங்களைப் போல வரிசை வரிசையாக நிற்கும்.


கனகராயன்கரை எழுதியது:

துருவத்துக் கிணறுகள் வந்துவிட்டன. தசமம் எல்லாம் ஐந்து இருக்கிறது. பழைய கிரிட் கிணறுகளையும் ஐயா சொன்னபடி மாற்றினேன், பாலத்தையும் சந்தியையும் வைத்துப் பார்த்தேன், ஒரு திசைக்கு இழுவை இல்லை.

உயரமும் நிலப் பயன்பாடும் எல்லாக் கிணற்றுக்கும் வந்துவிட்டன. வெள்ளம் மட்டும் பாதிக்கு மேல் இன்னும் வெற்று. எல்லையை அச்சிட்டுப் பார்த்தேன், எல்லாக் கிணறும் படத்துக்குள்ளேதான் இருக்கின்றன. சிஆர்எஸ்ஸும் ஒன்று. இது ஏன்? இன்னொன்று, கைபேசியில் உயரமும் பதிவாகியிருந்தது, எஸ்ஆர்டிஎம் உயரத்தோடு ஒப்பிட்டேன். எஸ்ஆர்டிஎம் 20 மீற்றர் சொல்கிற இடத்தில் கைபேசி மறை எழுபது சொச்சம் சொல்கிறது. கிணற்றின் அடியை அளந்ததா?


ஒதியமலைவெயில் எழுதியது:

வெள்ளம்: இது சிஆர்எஸ் பிரச்சினை இல்லை. வெற்று வராத கிணறுகளின் பெறுமதி எல்லாம் 1 தானே? அப்படியென்றால் படத்தைச் செய்தவர் 0ஐ "தரவு இல்லை" என்று குறித்துச் சேமித்திருக்கிறார். வெள்ளம் வந்த இடம் மட்டும் நிறத்தில் தெரிந்து மற்றது கண்ணாடி மாதிரி இருக்கட்டும் என்று அப்படிச் செய்வது வழக்கம். லேயரின் பண்புகளில் வெளிப்படைத்தன்மைப் பக்கத்தில் நோ டேட்டா பெறுமதி என்ன என்று பாருங்கள். 0 என்று இருந்தால், வெற்று என்பது "வெள்ளம் இல்லை". ஆனால் அப்படியே எல்லா வெற்றையும் 0 ஆக்கிவிடாதீர்கள். அந்த ராடார் படத்தின் ஓரத்துக்கு அப்பால் உண்மையிலேயே படமே இல்லாத இடமும் இருக்கலாம், அதுவும் வெற்றுத்தான். மூலப் படத்தின் விளிம்பைத் தனியாக வாங்குங்கள்.

இன்னும் ஒன்று, ராடாரில் நீர் கறுப்பாகத் தெரிவது திறந்த வெளியில்தான். மரத்துக்குக் கீழே நின்ற வெள்ளம் அதில் வராது. தென்னங்காணிக்குள் இருக்கும் கிணற்றுக்கு 0 வந்தால் அங்கே தண்ணீர் வரவில்லை என்று எழுத வேண்டாம், ஊர்ச் சனத்தைக் கேளுங்கள்.


முறிப்புக்குளம் எழுதியது:

உயரம்: கைபேசி பிழை சொல்லவில்லை, வேறு தரையிலிருந்து அளக்கிறது.

ஆண்ட்ராய்டு பதிவுசெய்கிற உயரம் பொதுவாக டபிள்யூஜிஎஸ் 84 நீள்வட்டத்திலிருந்து எடுத்தது. எஸ்ஆர்டிஎம் உயரம் ஈஜிஎம் 96 என்கிற புவியுருவத்திலிருந்து, அதாவது ஏறத்தாழக் கடல் மட்டத்திலிருந்து. உலகத்தின் மிகப் பெரிய ஈர்ப்புப் பள்ளம் இலங்கைக்குத் தெற்கே இந்து சமுத்திரத்தில் இருக்கிறது. அங்கே கடல் மட்டமே நீள்வட்டத்துக்கு 106 மீற்றர் கீழே. எங்கள் பக்கம் அவ்வளவு இல்லாவிட்டாலும் நூறு மீற்றருக்குக் கிட்டத்தான். ஆகவே கடல் மட்டத்துக்கு 20 மீற்றர் மேலே நிற்கிற கிளிநொச்சிக் கிணறு நீள்வட்டக் கணக்கில் மறை எழுபது, எழுபத்தைந்து என்று வருவது நியாயம். கிடைக்கு ஒரு முறை இருப்பதுபோல நிலைக்குத்துக்கும் ஒரு முறை உண்டு, அதையும் பொருத்த வேண்டும். எந்தெந்தக் கைபேசி எதைத் தந்தது என்று குழப்பமாக இருந்தால் கைபேசி உயரத்தை விட்டுவிடுங்கள், எஸ்ஆர்டிஎம்மை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

எஸ்ஆர்டிஎம்மும் வேதவாக்கு இல்லை. 2000 பெப்ரவரியில் விண்ணோடம் ராடாரால் எடுத்தது, காட்டில் தரையைக் காணாது, இலையின் மேற்பரப்பை நோக்கித்தான் உயரம் சொல்லும். பாலையும் வீரையும் நிற்கிற காட்டோரக் கிணறு, பக்கத்து வயல் கிணற்றைவிடப் பல மீற்றர் உயரத்தில் இருப்பதுபோலக் காட்டினால் நிலம் உயரவில்லை, மரம்தான். வன்னி மாதிரித் தட்டை நிலத்தில் வெள்ளத்தைத் தீர்மானிப்பதே இரண்டு மூன்று மீற்றர், அதனால் அந்த நிரலை மெதுவாக நம்புங்கள்.


பாலைமரம் எழுதியது:

சரி அண்ணை, பலகை விசயம் விளங்கிவிட்டது. இன்னொரு கேள்வி. கைபேசியின் பிழை ஐந்து பத்து மீற்றர் இருக்கும்தானே, ஒரே பிக்சலை எடுக்காமல் கிணற்றைச் சுற்றி 50 மீற்றர் வட்டம் போட்டு அதற்குள் எத்தனை பங்கு வெள்ளம் என்று எடுக்கலாம் என்று பார்த்தேன். 50 கொடுத்தேன், திரை முழுக்க ஒரே நிறம்.


ஒதியமலைவெயில் எழுதியது:

யோசனை நல்லது. ஆனால் லேயர் பாகையில் இருக்கிறது, நீங்கள் கேட்டது 50 பாகை. கிளிநொச்சியிலிருந்து சைபீரியா வரைக்கும் ஒரு வட்டம். முதலில் 5235க்கோ யூடிஎம் 44க்கோ மாற்றி, வட்டத்தைப் போட்டு, அந்த வட்டத்தை ராஸ்டரின் முறைக்கு மாற்றுங்கள். தூரம், பரப்பு எது கேட்டாலும் மீற்றர் முறையில்தான். வெள்ளப் படத்தின் பிக்சல் 10 மீற்றர் என்றால் 50 மீற்றர் வட்டத்துக்குள் எண்பது பிக்சல் அளவில் வரும், போதும். 30 மீற்றர் நிலப் பயன்பாட்டுக்கு அதே வட்டத்தில் எட்டு ஒன்பதுதான் வரும், அதில் பங்கு எடுப்பதைவிட எந்த வகை கூட என்று மட்டும் எடுக்கலாம்.


கனகராயன்கரை எழுதியது:

நோ டேட்டா 0 ஆகத்தான் இருந்தது. விளிம்பை வாங்கி வெட்டினேன், இப்போது ஒவ்வொரு கிணற்றுக்கும் ஒன்று அல்லது பூச்சியம், படத்துக்கு வெளியே நின்ற சிலவற்றுக்கு மட்டும் வெற்று. தென்னங்காணிக் கிணறுகளுக்குத் தனி நிரல் ஒன்று போட்டிருக்கிறேன், ஊரில் கேட்டு நிரப்புவோம். பட்டியலைத் திருப்பிக் கொடுக்கும்போது எக்ஸ், வை என்று விடாமல் "கிழக்கு 5235", "வடக்கு 5235" என்று தலைப்பு மாற்றி, மூல எண்களையும் அழிக்காமல் பக்கத்தில் வைத்திருக்கிறேன்.

எல்லாம் சரியான பிறகும் ஒரு கிணறு இரணைமடுக் குளத்துக்கு நடுவில் நிற்கிறது. 5234 கொடுத்தால் கடல், யூடிஎம் கொடுத்தால் மலை. என்ன முறையாக இருக்கும்?


மாங்குளம்சந்தி எழுதியது:

கட்டுமுன் அங்கே யாருக்கும் கிணறு இருந்ததோ தெரியாது, இப்போது இல்லை.


முறிப்புக்குளம் எழுதியது:

அது எந்த முறையும் இல்லை தங்கச்சி, தட்டச்சில் ஓர் இலக்கம் மாறியிருக்கிறது. பட்டியலில் அந்தக் கிணற்றுக்கு நேரே கிராம சேவையாளர் பிரிவு எழுதியிருக்கும். அந்தப் பிரிவின் மற்றக் கிணறுகளோடு ஒப்பிட்டால் எந்த இலக்கம் என்று ஊகிக்கலாம், ஆனால் ஊகித்துத் திருத்திவிடாமல் வெற்றாக விட்டு ஒரு குறிப்புப் போடுங்கள். அந்தப் பக்கம் போகிற ஆள் யாரிடமாவது கைபேசியைக் கொடுத்து அனுப்பினால் ஒரு நாளில் முடிகிற வேலை.


நெடுங்கேணிப்பெடியன் எழுதியது:

எந்தப் பிரிவு என்று தனிமடலில் அனுப்புங்கள். வருகிற கிழமை முரசுமோட்டைக்குப் போகிற வேலை இருக்கிறது, வழியில் என்றால் நானே எடுத்துத் தருகிறேன். பாகையில், ஐந்து தசமத்தில், அகலாங்கு முதலில்.